இன்சூரன்ஸில் பெண்கள்: எந்த வாசல் எந்தப் பதவி வரைக்கும் போகும்?

உஷா சங்வான் 1981-ல் எல்.ஐ.சி.யில் நேரடி அதிகாரியாகச் சேர்ந்தவர். 2013-ல் அதன் முதல் பெண் நிர்வாக இயக்குநர் ஆனார். 1983-ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் சேர்ந்த ஆலிஸ் வைத்யன் 2016-ல் ஜி.ஐ.சி. ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தின் தலைவரானார். 1986-ல் எல்.ஐ.சி.க்கு வந்த மினி ஐப் 2021-ல் நிர்வாக இயக்குநர். 1988-ல் ஜி.ஐ.சி.யில் சேர்ந்த கிரிஜா சுப்ரமணியன் 2024-ல் நியூ இந்தியாவின் தலைவர்.

நால்வருமே இளம் வயதில், அதிகாரியாகவே உள்ளே வந்தவர்கள். உச்சிக்குப் போக ஒவ்வொருவருக்கும் 32 முதல் 36 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பொதுத்துறை இன்சூரன்ஸில் 'தலைமைப் பதவி' என்று பேச்செடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். எந்த வயதில், எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் எல்லோருக்கும் அந்த நாற்காலி தேவையில்லை. திருவாரூரில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மாதம் பதினைந்தாயிரம் வந்தால் போதும் என்பவருக்கு அதிகாரித் தேர்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். வேலைக்குப் போக முடியாத ஆறு மாதத்துக்கு யார் பணம் தருவது? பிரமோஷன் வரும்போது ஊர் மாற வேண்டுமா? தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்பது இவற்றுக்குப் பிறகுதான்.

அதிகாரித் தேர்வு

இரண்டு வகை. எல்.ஐ.சி.யின் உதவி நிர்வாக அதிகாரி, அதாவது ஏ.ஏ.ஓ.; ஆயுள் அல்லாத பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாக அதிகாரி, அதாவது ஏ.ஓ. இரண்டுக்கும் பட்டப்படிப்பு வேண்டும், பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 30. பெரும்பாலும் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டம்.

பணத்தில் எல்.ஐ.சி. முந்தி நிற்கிறது. 2025 ஏ.ஏ.ஓ. அறிவிப்பில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 88,635 ரூபாய். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்றவற்றின் 2024 ஏ.ஓ. அறிவிப்புகளில் அது 50,925 ரூபாய். இந்த வித்தியாசத்தைப் பார்த்து எல்.ஐ.சி. பக்கமே சாய்வது இயல்புதான். ஆனால் பொதுக் காப்பீட்டு அதிகாரிக்கு ஐந்தாறு ஆண்டுகளில் தீ, மரைன், மோட்டார், மருத்துவம், இன்ஜினியரிங் என்று பல துறைகள் கைக்கு வரும். ஒரு ஜவுளி ஆலைக்கு என்ன விகிதத்தில் பிரீமியம் போடுவது, எந்த ரிஸ்க்கை மறுகாப்பீட்டுக்கு, அதாவது இன்னொரு நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள, அனுப்புவது என்று தெரிந்தவருக்கு புரோக்கர் நிறுவனங்களிலும் தனியார் கம்பெனிகளிலும் நல்ல விலை உண்டு. நாற்பது வயதில் வெளியே வந்து வேறு வேலை தேட நேர்ந்தால், எல்.ஐ.சி. கிளை அனுபவத்தைவிட இது கைகொடுக்கும் என்பதே எங்கள் கணிப்பு.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏ.ஏ.ஓ. பொதுப் பிரிவு முதன்மைத் தேர்வின் 300 மதிப்பெண்ணில் 60, காப்பீடு மற்றும் நிதிச் சந்தை அறிவுக்கு. வங்கித் தேர்வுக்குப் படித்த அதே குறிப்புகளோடு இதற்கும் போகிறவர்கள் அந்த 60-ஐக் கோட்டை விடுகிறார்கள். கணக்கில் 60 எடுப்பதைவிட இதில் 45 எடுப்பது சுலபம்.

மகப்பேறு விடுப்பு, மருத்துவ வசதி, பணிக்கொடை எல்லாம் முறையாக இருக்கின்றன. ஆறு மாதக் கேள்விக்கு இங்கே கவலையில்லை. இடறுவது இரண்டாவது கேள்வியில்தான். பணியிடம் இந்தியா முழுக்க. பொதுக் காப்பீட்டில் ஏணி இப்படி: ஏ.ஓ., உதவி மேலாளர், துணை மேலாளர், மேலாளர், தலைமை மேலாளர், துணைப் பொது மேலாளர், பொது மேலாளர். கீழிருந்து மேலே ஏழு நிலை, நடுவில் ஆறு பிரமோஷன். 24 வயதில் சேர்ந்து 60-ல் ஓய்வென்றால் கையில் இருப்பது 36 ஆண்டு, ஒரு படிக்கு சராசரி ஆறு. 30 வயதில் சேர்ந்தவருக்கு ஐந்து. தலைவர் பதவிக்குத் தேர்வாக, மேலே போன பிறகும் கணிசமான பணிக்காலம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான்காவது நிலைக்கு வரும்போது பெண்ணுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பு, அப்பாவுக்கு ஆஞ்சியோ. அப்போதுதான் பிரமோஷனோடு ராய்ப்பூருக்கோ கவுஹாத்திக்கோ ஆர்டர் வரும். 'இந்தத் தடவை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை மறுத்தால் சில ஆண்டுகள் அடுத்த பிரமோஷனுக்குப் பெயர் போகாது. எத்தனை ஆண்டு என்பது அந்தந்த நிறுவனத்தின் பதவி உயர்வுக் கொள்கையில் இருக்கும். இரண்டு முறை மறுத்தவரின் ஏணி பெரும்பாலும் மேலாளர் நிலையிலேயே நின்றுவிடுகிறது. கூடப் படித்த ஆண், அதே மதிப்பெண்ணில் சேர்ந்தவர், இந்நேரம் மண்டல அலுவலகத்தில் இருப்பார்.

ஊர் மாறத் தயாராக இருப்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று, என்ன நாற்காலி தருகிறார்கள் என்பது. பெண் அதிகாரிகளை நிர்வாகப் பிரிவு, பயிற்சிப் பிரிவு, மனிதவளம் என்று 'வசதியான' இடத்தில் உட்கார வைப்பது இன்னும் நடக்கிறது. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம், யாரும் பிரீமியம் டார்கெட் கேட்க மாட்டார்கள். ஆனால் மேல்நிலை நேர்காணலில் 'எந்த அலுவலகத்தை நடத்தினீர்கள், பிரீமியம் எவ்வளவு வளர்ந்தது, கிளெய்ம் விகிதம் என்ன' என்றுதான் கேட்பார்கள். துணை மேலாளர் ஆவதற்குள் ஒரு கிளை அலுவலகத்தையாவது தனிப்பொறுப்பில் எடுத்து நடத்துங்கள். சின்ன ஊர்க் கிளையானாலும் பரவாயில்லை. இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் லைசென்ஷியேட் தேர்வைத் தகுதிகாண் காலத்திலேயே முடிக்கச் சொல்வார்கள். அதோடு நிறுத்தாமல் அசோசியேட், ஃபெலோ வரைக்கும் குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது நல்லது. பிறகு புத்தகம் திறக்க நேரம் இருக்காது.

உதவியாளர்

ஊரை விட்டு வர முடியாத பட்டதாரிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இந்தத் துறையில் இல்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் சமீபத்திய உதவியாளர் அறிவிப்புகளில் அடிப்படைச் சம்பளம் 22,405 ரூபாய். பெருநகரத்தில் மொத்தம் 40,000 பக்கம் வரும் என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த மாநில மொழி தெரிய வேண்டும், கடைசியில் மொழித் தேர்வு உண்டு. அதனால் தமிழ்நாட்டுக் காலியிடம் என்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே வேலை. கணவரை இழந்தவர்களுக்கும் மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்யாதவர்களுக்கும் தனி வயதுத் தளர்வு இருக்கும். அறிவிப்பின் அந்தப் பட்டியலைப் படிக்காமலேயே 'வயசு தாண்டிப்போச்சு' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

உள்தேர்வு எழுதி அதிகாரி ஆகலாம். ஆனால் அந்த நாளிலிருந்து டிரான்ஸ்ஃபர் விதி மாறிவிடும் என்பதால் பலரும் எழுதுவதில்லை. எல்.ஐ.சி. கடைசியாகப் பெரிய அளவில் உதவியாளர்களை எடுத்தது 2019-ல். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முகவர் வேலையும் பீமா சகியும்

பெண்கள் அதிகம் வந்து சேர்வதும், அதிகம் விட்டுப் போவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சாதாரண முகவராக 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். பயிற்சி, பிறகு ஐ.சி. 38 தேர்வு. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் பாஸ். ஒருவர் ஓர் ஆயுள் நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என மூன்றுக்கும் முகவராக இருக்கலாம். இதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. ஆயுள் பாலிசி வாங்கிய வீட்டிலேயே பைக் இன்சூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதை இன்னொருவர் வந்து எழுதிக்கொண்டு போவார்.

பீமா சகி என்பது எல்.ஐ.சி.யின் மகளிர் முகவர் திட்டம்; 2024 டிசம்பர் 9 அன்று பானிப்பட்டில் தொடங்கப்பட்டது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். கமிஷனுக்கு மேல் உதவித்தொகை உண்டு: முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000. மூன்று ஆண்டில் மொத்தம் 2,16,000 ரூபாய். ஏற்கெனவே எல்.ஐ.சி. முகவராகவோ ஊழியராகவோ உள்ளவரின் மனைவி, மகள், தாய், சகோதரி, திருமண வழி நெருங்கிய உறவினர் சேர முடியாது. இது தெரியாமல் பயிற்சிக்கே போய் உட்கார்ந்து, விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு வருத்தப்படுகிறார்கள்.

உதவித்தொகைக்கு நிபந்தனை: ஆண்டுக்கு 24 பாலிசி, போனஸ் கமிஷன் சேர்க்காமல் முதலாண்டு கமிஷன் 48,000 ரூபாய். அதாவது மாதம் இரண்டு பாலிசி, ஒவ்வொன்றிலும் சராசரி 2,000 ரூபாய் கமிஷன். இரண்டையும் சரியாக எட்டினால் முதல் ஆண்டு வருமானம் 84,000 கூட்டல் 48,000. மாதத்துக்கு 11,000. பெட்ரோல், பஸ், போன் செலவு இதற்குள்தான்.

இரண்டாம் ஆண்டில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். முதல் ஆண்டு போட்ட பாலிசிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருந்தால்தான் உதவித்தொகை தொடரும். 24-க்கு 65 சதவீதம் என்றால் 15.6, ஆக 16 பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். ஒன்பது லேப்ஸ் ஆனால், அதாவது தவணை கட்டாமல் நின்றுபோனால், 6,000 நின்றுவிடும்.

அந்த ஒன்பது எப்படி லேப்ஸ் ஆகின்றன? முதல் பன்னிரண்டு பாலிசி அண்ணன், நாத்தனார், பக்கத்து வீடு. முகத்துக்காகப் போட்டவர்கள், இரண்டாம் தவணைக்கு போனை எடுக்க மாட்டார்கள். அடுத்த ஏழெட்டு மகளிர் குழுவில். அங்கே வாரத் தவணைக் கடன் ஓடிக்கொண்டிருக்கும், கையில் காசு வந்ததும் முதலில் அதுதான் போகும். மிச்சம் மார்ச் கடைசி வாரத்தில், கணக்கு முடிக்க, 'முதல் தவணையை நானே கட்டிக்கிறேன், பேர் மட்டும் குடுங்க' என்று பிடித்தவை. இந்தக் கடைசி வகை நஷ்டத்தோடு நிற்பதில்லை. கமிஷனில் பங்கு கொடுப்பதும் பிரீமியத்தை விட்டுக்கொடுப்பதும் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி குற்றம், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை.

தவணை மாதத்தைப் பார்த்துப் பாலிசி போடுவதே பாதி வேலை. தஞ்சை, திருவாரூர் பக்கம் சம்பா அறுவடைக் காசு தை, மாசியில் கைக்கு வரும். அந்தப் பார்ட்டிக்கு பிப்ரவரியில் தொடங்கும் ஆண்டுத் தவணை பாலிசி போட்டால் அடுத்த பிப்ரவரியிலும் கட்டுவார். அதே ஆளுக்கு ஜூனில் போட்டால் பள்ளிக் கட்டணத்தோடு மோதும். மாதச் சம்பளக்காரருக்கு மாதத் தவணை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டோடு. பிடிக்கும் தேதி சம்பள நாளுக்கு மறுநாள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைக்குக் கருணைக் காலம், அதாவது தவணைத் தேதி தாண்டியும் கட்டக்கூடிய அவகாசம், 30 நாள், மாதத் தவணைக்கு 15. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி தவணைப் பட்டியலை எடுத்து, பத்தாம் தேதிக்குள் எல்லோருக்கும் பேசி முடிக்கிற முகவருக்கு லேப்ஸ் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று, பணத்தைக் கையில் வாங்காதீர்கள். தவணையை வாங்கிப் போய் முகவர் கட்டத் தாமதித்து, அதற்குள் பாலிசிதாரர் இறந்துவிட்ட வழக்கொன்றில், எல்.ஐ.சி. சார்பாகப் பிரீமியம் வசூலிக்க முகவருக்கு அதிகாரம் இல்லை என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் குடும்பம் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்தான்.

நான்காம் ஆண்டு உதவித்தொகை பூஜ்யம். அதற்குள் புதுப்பிப்புக் கமிஷன், அதாவது பழைய பாலிசிகளின் அடுத்தடுத்த தவணைகளுக்குக் கிடைக்கும் கமிஷன், அந்த இடத்தை நிரப்ப வேண்டும். மூன்றாம் ஆண்டின் 60,000 ரூபாயை ஈடுகட்ட, புதுப்பிப்புக் கமிஷன் 5 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பிரீமியம் புதுப்பிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டில் குறைந்தபட்சமாக 72 பாலிசி மட்டும் போட்டிருந்து, ஒன்றுகூட லேப்ஸ் ஆகாவிட்டாலும், ஒவ்வொன்றும் சராசரி 16,700 ரூபாய் ஆண்டு பிரீமியமாக இருந்தால்தான் இது சாத்தியம். ஆகவே 24 என்பது உதவித்தொகை வாங்க உதவும் எண். பிழைக்க 40-க்கு மேல் போக வேண்டும்.

மகப்பேறு விடுப்பு? முகவர் ஊழியர் அல்லர். 26 வாரச் சம்பளம் கிடையாது. அந்த ஆறு மாதத்தைத் தாங்குவது பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் மட்டுமே. திருமணமான முதல் ஆண்டில் முகவராகச் சேருவதைவிட, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு சேர்ந்தவர்கள் அதிகம் நிலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், பத்து ஆண்டு தாக்குப்பிடித்தவருக்கு இந்த வேலை நன்றாகவே படியளக்கும். 2023-ல் எல்.ஐ.சி. முகவர்களுக்கான பணிக்கொடை உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. டிரான்ஸ்ஃபர் கிடையாது, ஓய்வு வயது நெருக்காது. தலைமைப் பதவி என்று இங்கே இருப்பது கோட்ட மேலாளர் கிளப், மண்டல மேலாளர் கிளப், சேர்மன் கிளப் போன்ற அந்தஸ்துகள். மரியாதையும் சில வசதிகளும் உண்டு, அதிகாரம் இல்லை.

டி.ஓ.

டி.ஓ., அதாவது எல்.ஐ.சி.யின் வளர்ச்சி அதிகாரி வேலை முகவருக்கும் அதிகாரிக்கும் நடுவே. 2023 அறிவிப்பில் நாடு முழுக்க 9,394 இடம், தென்மண்டலத்தில் 1,516; தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,650. முகவர்களைச் சேர்த்து, பயிற்றுவித்து, அவர்கள் மூலம் பிசினஸ் கொண்டுவர வேண்டும். நிரந்தர ஊழியர் என்பதால் விடுப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு ஆகும் செலவு, உங்கள் அணி கொண்டுவரும் பிரீமியத்தில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டக் கூடாது. விடுப்பில் இருந்த ஆண்டிலும் அந்த விகிதம் துரத்தும். நல்ல ஐந்து முகவர்கள் உள்ள அணி உங்களுக்காக ஓடும். நாற்பது பேரைப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் அணி ஓடாது.

தனியார் நிறுவனங்கள்

இங்கே ஏணியின் வடிவமே வேறு. ஷிகா ஷர்மா 2000-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் லைஃபின் தலைமையை ஏற்றது இன்சூரன்ஸ் கிளையிலிருந்து ஏறி வந்து அல்ல, வங்கிக் குழுமத்திலிருந்து. 2018 முதல் எச்.டி.எஃப்.சி. லைஃபின் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கும் விபா படல்கர் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். அந்த நிறுவனத்தின் நிதித் தலைமையில் இருந்து மேலே போனவர். 30 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நிதி, அண்டர்ரைட்டிங் (எந்த ரிஸ்க்கை என்ன விலைக்கு ஏற்பது என்று முடிவெடுப்பது), கிளெய்ம், ரிஸ்க் என்று ஒரு துறையில் ஆழமாகப் போனால் 40 வயதில் துறைத்தலைவர் ஆகலாம். ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். மூன்றுக்கும் தலைமையகம் சென்னைதான். தலைமை அலுவலக வேலைகள் இங்கேயே இருப்பதால், பிரமோஷனுக்காக ஊர் மாறாமல் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்ட முடிகிற அபூர்வ நகரம் இது. மருத்துவம் படித்த பெண்களுக்கு மருத்துவக் கிளெய்ம் பரிசீலனை ஒழுங்கான வேலை நேரத்தோடு கிடைக்கிறது.

விற்பனைப் பிரிவு தனிக் கதை. மாத டார்கெட், அதோடு 13-ஆம் மாதத்தில் எத்தனை பாலிசி நிலைத்தது என்ற கணக்கு. மூன்று மாதம் தவறினால் வெளியேறும் வாசலைக் காட்டுவார்கள். சேரும் முன் ஆஃபர் லெட்டரில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல விற்பனை வேலைகள் ஆள் சப்ளை நிறுவனத்தின் பேரில் இருக்கும். சட்டப்படி மகப்பேறு விடுப்புச் சம்பளத்துக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த வேலையளிப்பவரிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆண்டு நடுவே உங்களை ஒரு சப்ளை நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அந்த 80 நாளை யார் கணக்கில் வைப்பது என்று இழுத்தடிப்பார்கள். மாற்றுக் கடிதத்தில் 'பணித்தொடர்ச்சியுடன்' என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆக்சுவரி

ஆக்சுவரி என்பவர் ரிஸ்க்கைக் கணக்கிட்டு பிரீமியத்தை நிர்ணயிக்கும் நிபுணர். கணக்கில் பிடிப்புள்ள பெண்ணுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான். இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதி உறுப்பினராகி, ஃபெலோ ஆவதற்குள் 13 தாள். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் பலருக்கு ஆறு முதல் பத்து ஆண்டு ஆகும். ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் நியமன ஆக்சுவரி ஒருவர் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் புதிய ஆயுள் திட்டம் சந்தைக்கு வராது. நிர்வாகக் குழுவில் இடத்தோடு வரும் பதவி. குழந்தைக்காக ஓராண்டு நின்றாலும் பாஸ் செய்த தாள்கள் கையிலேயே இருக்கும்.

தவறுவது எங்கே என்றால், மூன்று நான்கு தாள் முடித்தவர்கள் வேலைச் சந்தையில் குவிந்து கிடக்கிறார்கள். முதல் வேலை கிடைத்ததும் படிப்பு தளர்கிறது. சேரும்போதே தேர்வுக் கட்டணமும் படிப்பு விடுப்பும் தரும் நிறுவனமா என்று கேட்டுவிடுங்கள். விடுப்பு தராத இடம் சம்பளத்தில் பத்தாயிரம் கூடுதலாகத் தந்தாலும் ஏற்க வேண்டாம்.

யாருக்கு எது

27 வயதுக்குள், எங்கே போட்டாலும் போவேன் என்பவருக்கு ஏ.ஓ. அல்லது ஏ.ஏ.ஓ. கூடவே உதவியாளர் தேர்வையும் எழுதி வையுங்கள், பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றே. சென்னையை விட முடியாத, தொழில்முறைப் பட்டம் உள்ளவருக்குத் தனியார் தலைமை அலுவலகம். சிறு நகரப் பட்டதாரிக்கு உதவியாளர். மதிப்பீட்டாளர், அதாவது சர்வேயர் வேலை, இன்ஜினியரிங் படித்து வொர்க்ஷாப்பிலும் விபத்து இடத்திலும் நிற்கத் தயங்காதவருக்கு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் தேவை என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் வருமானம் சொற்பம்.

35 தாண்டி, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருப்பவருக்கு முகவர் வேலை. தகுதி இருந்தால் பீமா சகியாக. பட்டம் பெற்ற பீமா சகிகளை டி.ஓ. பதவிக்குப் பரிசீலிக்க வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். வழக்கமான டி.ஓ. தேர்விலும் முகவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பிளஸ் டூவோடு நிறுத்தியவர் முகவரான அன்றே தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்துவிட்டால், அடுத்த டி.ஓ. அறிவிப்பு வருவதற்குள் பட்டம் கையில் இருக்க வாய்ப்புண்டு.